எழுதாத பெயர்

அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே கிரேட் டிஸ்மல் என்றொரு பெரும் சதுப்புக் காடு உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள், 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கும் வரை, தலைமுறை தலைமுறையாக அதன் உள்ளே மேட்டுத் திட்டுகளில் மறைந்து வாழ்ந்தார்கள். 2000களில் டேனியல் சேயர்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டினார். குடிசைக் கம்பு நட்ட குழியின் கறை, புகைக்குழாய்த் துண்டு, பூர்வகுடிகள் விட்டுப்போன கல்லாயுதத்தை மறுபடி தீட்டியபோது தெறித்த சில்லு. பல வருட உழைப்புக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு பொருள்கள்தாம் கிடைத்தன.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு ரசீது இல்லாத செலவு செலவே அல்ல. ஆனால் இந்த மக்கள் தடயம் விடாததால் அல்லவா பிழைத்தார்கள்?

இன்சீனில் எங்களுக்கும் இது நேர்ந்தது. இரவில் வீட்டில் தங்கும் விருந்தாளியைப் பற்றி வார்டு நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி மியான்மரில் 2016இல் நீக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் மீண்டும் வந்தது. அவ்வருட மழைக்காலத்தில் ஓர் இளைஞன் எங்கள் வீட்டில் பதினொரு நாள் இருந்தான். குடும்பப் பட்டியலில் இல்லாதவன், நாங்களும் தெரிவிக்கவில்லை. அவன் செருப்பை வாசலில் விடவில்லை. அவன் சாப்பிட்ட தட்டைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோகாமல் உள்ளேயே கழுவினோம். அரிசி கூடுதலாக வாங்கினால் கடைக்காரர் கேட்பார் என்று எங்கள் சோற்றையே பங்கிட்டோம். ஆயுள் முழுவதும் விடாமல் எழுதப் பழகிய கை, எழுதாமல் இருக்கக் கற்றது அப்போதுதான்.

அது பொய்யா? வள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன இலக்கணத்தை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டோம். எங்களை இன்று உறுத்துவது வேறு கேள்வி. ஒளிந்தவன் மறைத்ததை மற்றவர் தோண்டி எடுக்கலாமா? டிஸ்மல் காட்டில் தேடி வந்த எஜமானர்கள் மாண்டு நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே இன்னும் தோண்டாமல் விட்டால், தப்பியவர்கள் வெறும் ஓடுகாலிகள் என்ற எஜமானரின் கணக்கே நிலைக்கும். எங்கள் விஷயத்தில் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் தோண்டும் காலம் வேறு.

அந்த நாட்களை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். எழுதிவிட்டோம். அவன் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்க்கவில்லை. அவை தனித் தாளில் இருக்கின்றன. எந்தப் பெட்டியில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.