பயிற்சியாளர் தருவது எது?

விளையாட்டுக் கழகங்களின் டென்னிஸ் ஆடுகளங்களில் இருவகைப் பயிற்சியாளர்களைக் காணலாம். ஒருவர் மட்டையைப் பிடிக்கும் முறை, தோளைத் திருப்பும் அளவு, பந்தைச் சந்திக்கும் இடம் என ஒவ்வொன்றையும் சொல்லித் திருத்துபவர். மற்றவர் கூடையிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசிக்கொண்டே பெரும்பாலும் பேசாதிருப்பவர். அறிவு என்பது ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றித் தரக்கூடிய பொருளா, கற்பவருக்குள்ளேயே விளைவதா என்னும் பழைய மெய்யியல் வினாவுக்கு இவ்விருவரும் தம்மையறியாமலே வெவ்வேறு விடை அளிக்கின்றனர்.

ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியிட்ட 'மனம் எனும் கருத்து' என்ற நூலில், ஒன்றைப் பற்றி அறிந்திருப்பதையும் அதைச் செய்யத் தெரிந்திருப்பதையும் வேறுபடுத்தினார். திறமையான செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மனம் ஒரு விதியை எண்ணிப் பார்க்கிறது என்று கொண்டால், எண்ணிப் பார்ப்பதும் ஒரு செயலே ஆதலால் அதற்கும் ஒரு விதி வேண்டும், அதற்கும் வேறொன்று வேண்டும் என வரிசை முடிவின்றி நீளும். தருக்க நூல்கள் இக்குற்றத்தை அனவத்தை என்னும். வேகமாக வரும் பந்து ஒரு வினாடிக்குள் எதிராளியை அடைந்துவிடும் ஆட்டத்தில் விதியை எண்ணிப் பார்க்க இடமில்லை என்பது வெளிப்படை.

இதையொத்த கருத்தைப் பயிற்சிமுறையாக வளர்த்தவர் அமெரிக்கரான டிமதி கால்வே. ஜென் பௌத்தத்தின் சாயல் படிந்த அவரது 'டென்னிஸின் உள்ளாட்டம்' (1974), ஆடுபவருக்குள் ஆணையிட்டுத் தீர்ப்புக் கூறும் 'தான்' ஒன்றும், செயலைச் செய்யும் 'தான்' ஒன்றும் இருப்பதாகக் கொண்டு, முன்னது அடங்கினால் பின்னது தானே கற்கும் என்கிறது. இதற்கென அவர் வகுத்த பயிற்சியில் மாணவர் பந்து தரையில் படும்போது 'பவுன்ஸ்' என்றும், மட்டையில் படும்போது 'ஹிட்' என்றும் உரக்கச் சொல்வார். கவனம் பந்தில் நிலைக்கும்போது தன்னைக் குறைகூறும் குரல் ஓய்ந்துவிடுகிறது.

ஆயினும் உடலின் இயல்பறிவை முழுதும் நம்ப முடியாது. சர்வீஸ் போடக் கற்கும் புதியவர் மட்டையைத் தோசைத் திருப்பிபோல் முகம் முன்னோக்கப் பிடிப்பார். அது எளிதாக இருப்பதோடு பந்தும் கட்டத்திற்குள் விழுவதால், அவர் அதை மாற்ற வேண்டிய காரணத்தை அவரது உடல் ஒருபோதும் கண்டறியாது. 'கான்டினென்டல்' எனப்படும் சரியான பிடிக்கு மாறினாலோ, முன்கையைச் சுழற்றப் பழகும்வரை வலக்கையரின் பந்துகள் இடப்புறமாக விலகி ஓடும். சிலகாலம் மோசமாக ஆடுவதை ஏற்றுக்கொள்ளுமாறு ஒருவர் வற்புறுத்தாவிட்டால் இம்மாற்றம் நிகழ்வது அரிது.

கால்வேயின் பயிற்சியைக் கூர்ந்து நோக்கினால் அதுவும் ஓர் அறிவுறுத்தலே. எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு மாறாக, எதைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பேசும் பயிற்சியாளரின் சொல் பயன்படுவதும் மாணவரின் கவனத்தை உரிய இடத்தில் நிறுத்தும்போதுதான். ஐந்து திருத்தங்களை ஒருசேரச் சொல்லும்போது கவனம் சிதறுவதால் அதே சொல் தடையாகிறது. ஆகவே பயிற்சியாளர் தருவது அறிவு அன்று, கவனத்தின் திசை. அறிவு கற்பவருக்குள்தான் விளைகிறது, எனினும் அது எத்திசையில் விளைகிறது என்பதில் ஆசிரியருக்குப் பொறுப்பு உண்டு. மௌனம் காக்கும் பயிற்சியாளரும் எந்தப் பந்தை எங்கே வீசுவது என்று தீர்மானித்துக்கொண்டே இருப்பதால், அப்பொறுப்பிலிருந்து அவரும் விலகியவர் அல்லர்.