என் ஊர்

தை மாதத்தில் தரங்கம்பாடிக்குக் குடிவந்தேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் எதிரே ஓயாத அலைகள், உப்புக் காற்று. பட்டண வாழ்வில் சலித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே மாதத்தில் இதை 'என் ஊர்' என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பங்குனியில் வேம்பு பூத்தது. சித்திரை பிறந்ததும், ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கரையில் நின்றன. மீன்கள் இனம் பெருக்கும் பருவம், சட்டம் தடுக்கிறது. எனக்கு அது இளவேனில். படகில் கூலிக்குப் போகும் அடுத்த வீட்டுக்காரருக்கு அரைவயிற்றுக் காலம்.

"சட்டம் இல்லாவிட்டாலும் வலையைச் சுருட்டி வைப்பீர்களா?" என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன்.

"எங்கே ஐயா! நான் விட்டதை இன்னொருத்தன் அள்ளிக்கிட்டுப் போவான். எல்லாரும் நின்னாத்தான் நானும் நிக்க முடியும்" என்றார்.

அறம் தனி மனிதனின் உள்ளத்தில் பிறப்பது என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பிறப்பது உள்ளத்தில்தான், ஆனால் அது பிழைத்திருக்க ஓர் ஊர் வேண்டும் போலும்! பிறனும் தன்னைப்போல் பொறுத்திருக்கிறான் என்ற நம்பிக்கை இல்லாமல், பசித்தவன் எத்தனை நாள் பொறுப்பான்?

அந்தப் பொறுமையில் என் பங்கு என்ன? விருந்தாளி வந்த அன்று, "வஞ்சிரம் கிடைக்காதா?" என்று அவரிடமே கூசாமல் கேட்டவன் நான். ஓர் ஊரின் அழகில் பங்கு கொள்வது எளிது. அதன் இல்லாமையில் பங்கு கொள்ளாதவனுக்கு உரிமை ஏது?

இப்போது யாரேனும் கேட்டால், 'தரங்கம்பாடியில் குடியிருக்கிறேன்' என்று மட்டுமே சொல்கிறேன்.