மடித்த பக்கம்

பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி என்று ராஜபாளையத்தில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. சேத்தூரில் பஸ் ஏறும்போதே மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஒளிப்பானேன்?

கருத்தாளர் பாடம் எதுவும் நடத்தவில்லை. "உங்க வீட்டு அடுப்படியைப் பத்திப் பத்து நிமிஷம் எழுதுங்க. எழுதிட்டுப் பக்கத்துல இருக்கவங்ககிட்ட குடுங்க" என்றார்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளை எழுதச் சொல்கிறேன். லீவ் லெட்டர் தவிர நானாக ஒன்றும் எழுதியதில்லை. பேனா எங்கெங்கோ போய், அப்பா செத்த வீட்டில் மூன்று நாள் எரியாமல் கிடந்த அடுப்பில் நின்றது. யாரிடமும் சொல்லாத விஷயம்.

பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் ஒருவர். வாசித்துவிட்டு, "சார், 'அடுப்பு பக்கம்' இல்ல. 'அடுப்புப் பக்கம்', நடுவுல ப் வரும்" என்றார். சரிதான். ஆனாலும் முகம் சுண்டிவிட்டது. அவர்மேல் என்ன தப்பு? நான் தினமும் செய்வதைத்தானே செய்தார்.

அப்போதுதான் நாலாம் வகுப்பு நோட்டு ஒன்று ஞாபகம் வந்தது. 'என் அம்மா' கட்டுரை. "அம்மா மில்லுக்கு நைட் போயிட்டு வந்தா பேச மாட்டா. தண்ணி குடுத்தா சிரிப்பா." நான் சிவப்பு மையில் 'பேசமாட்டார்', 'சிரிப்பார்' என்று திருத்தினேன். மரியாதை சொல்லிக்கொடுத்ததாக நினைப்பு. அந்தப் பிள்ளையின் அம்மா 'சிரிப்பா'. 'சிரிப்பார்' வேறு யாரோ. இதே பேச்சு கி.ரா. கதையில் வந்தால் கரிசல் மணம் என்கிறோம். அவர் 1982-இல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். நோட்டில் வந்தால் மட்டும் பிழை.

அடுத்த கட்டுரையை அவள் கைடைப் பார்த்து எழுதினாள். ஒரு பிழை இல்லை. அவளும் அதில் இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.

அதற்காகத் திருத்தவே கூடாதா? இத்தாலியில் பார்பியானா மலைக்கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967-இல் புத்தகமாக வந்தது. மொழிதான் மனிதரைச் சமமாக்கும் என்றார்கள். மில் தொழிலாளி மகளுக்குப் பொதுத்தமிழைக் கொடுக்காமல் 'உன் பேச்சே அழகு' என்று கொஞ்சிவிட்டுப் போவதும் துரோகம்தான்.

எனக்குக் கேள்வி, எது முதலில் என்பதுதான். ஒரு பிள்ளை எழுதித் தருவது முதலில் ஒரு சேதி. சேதிக்குப் பதில் சொல்லாமல் ஒற்றுக்குப் பதில் சொன்னால், 'நீ சொன்னது எனக்கு வேண்டாம், சொன்ன விதம் போதும்' என்று ஆகிவிடுகிறது. 'அம்மா எத்தனை மணிக்கு வருவா?' என்று கேட்டுவிட்டு, மறுநாள் 'கொடுத்தால்' சொல்லித்தந்திருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுப்பை எழுதும்போது, பக்கத்தில் ஒருவர் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதினேன். பிடிக்காவிட்டால் வேறு எழுதியிருக்க எனக்கு முடியும். பிள்ளைக்கு? 'உண்மையை எழுது' என்பதும் ஒரு அதட்டல்தான்.

இப்போது வகுப்பில் ஒரு ஏற்பாடு. பக்கத்தை மடித்து வைத்தால் சார் வாசிக்க மாட்டார். போன வாரம் ஒரு நோட்டில் மூன்று பக்கம் மடித்திருந்தது. திறக்கவில்லை. இது மரியாதையா, தப்பித்தலா? உள்ளே ஒரு காயம் இருந்தால்? ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் நோட்டைக் கொடுக்கும்போது, "எப்ப விரிச்சுக் காட்டினாலும் சார் வாசிப்பேன்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.