காப்பும் காப்புறுதியும்

சப்ரகமுவவின் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது காவடி எடுப்பவரும் தீ மிதிப்பவரும் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து மீன், இறைச்சி, சாராயம் எதுவும் கிடையாது. அதே சொல்லை அடியாக வைத்துத்தான் இலங்கைத் தமிழ் இன்ஷூரன்ஸுக்குக் காப்புறுதி என்று பெயரிட்டது. இரண்டு சொல்லும் காவலைத்தான் குறிக்கின்றன. ஆனால் காப்புக் கட்ட வருகிறவரிடம், 'கடந்த ஆறு மாதம் ஒழுங்காக இருந்தாயா, அதற்குச் சான்று எங்கே' என்று பூசாரி கேட்பதில்லை. விரதம் கைநீட்டிய அந்த நொடியிலிருந்துதான் தொடங்குகிறது. காப்புறுதியோ கேட்கிறது, உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை என்று வந்துவிட்டால் மற்ற நோய்களிடம் கேட்காததையும் கேட்கிறது. இந்த வேறுபாட்டுக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. நோயுற்றவர் தமது சிகிச்சைக்குத் தாம் தகுதியானவர் என்பதை ஒழுக்கத்தால் நிரூபிக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் வாதம். ஆயத்தம் நோயாளியின் கடமை. அந்த ஆயத்தத்தையே பரீட்சையாக மாற்ற, பணம் கொடுப்பவருக்கு உரிமை இல்லை.

முதலில் விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தச் சத்திரசிகிச்சையின் இன்றைய பரவலான வடிவமான 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழாயாகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. யாருக்கு இதைச் செய்யலாம் என்பதற்கு 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஓர் எல்லை வகுத்தது: உடற்திணிவுச் சுட்டெண் 40, அல்லது கடுமையான துணைநோய்கள் இருந்தால் 35. இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதியும் இதே எண்களையே சொல்கிறது. 35 என்றால் கட்டுக்கடங்காத நீரிழிவு, இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும், எளிய வழிகள் தோற்றிருக்கவும் வேண்டும். 2022இல் இத்துறையின் அமெரிக்க அமைப்பும் சர்வதேச அமைப்பும் சேர்ந்து, துணைநோய் இல்லாதவருக்கும் எல்லையை 35 ஆகத் தளர்த்தின. குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடும் ஆசிய மக்களுக்கு 27.5 போதும் என்றன. மருத்துவம் எல்லையை இறக்குகிறது, காப்புறுதி பழைய எல்லையிலேயே நிற்கிறது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் தோட்டத் தொழிலாளிக்குக் காப்புறுதிப் படிவம் என்ற தடை பெரும்பாலும் எதிர்ப்படாது. அவருக்கு வரும் தடைகளுக்கு வேறு பெயர்கள் உண்டு; அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆயத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் கிடக்கின்றன. ஒன்று மருத்துவர் கேட்பது. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரமளவில் மிகக் குறைந்த கலோரி உணவு, பெரும்பாலும் திரவம்; புகைத்தலை நிறுத்துதல்; சீனியைக் கட்டுப்படுத்துதல்; இரும்பு, விற்றமின் பி12 ஆகியவற்றின் குறையைக் கண்டு நிரப்புதல்; மனநிலையைப் பேசி அறிதல். இதில் ஒவ்வொன்றுக்கும் உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. கொழுப்பேறிப் பருத்த ஈரல் இரைப்பையின் மேற்பகுதியை மறைக்கும். இரண்டு வார உணவுக் குறைப்பில் ஈரல் சுருங்கினால் வைத்தியரின் கருவிக்கு வழி திறக்கும். புகை நின்றால் தையல் ஆறும். தீ மிதிப்பவரின் விரதத்தோடு இதை ஒப்பிடுவது மிகையாகாது. விரதத்தின் பயன் விரதம் இருப்பவருக்கே சேர்கிறது, காலமும் வரையறுக்கப்பட்டது, முடிவில் தீக்குழி காத்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். கண்காணிக்க யாரும் இல்லாத இரவிலும் அவர் அதைக் காக்கிறார், ஏனென்றால் நாளை நடக்கப்போகிறவை அவருடைய கால்கள்.

மற்றது பணம் கொடுப்பவர் கேட்பது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் பல, சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் தருமுன் மூன்று முதல் ஆறு மாதம் வரை மருத்துவ மேற்பார்வையில் உணவுக்கட்டுப்பாடு இருந்ததற்குப் பதிவு கேட்டன. இந்தக் காத்திருப்பு சத்திரசிகிச்சையின் பலனைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றில்லை, சிகிச்சையைத் தாமதப்படுத்துவதே மிச்சம் என்று அந்நாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியர்களின் சங்கமே 2016இல் அறிக்கை விட்டது. காத்திருப்பின் மறுபக்கத்தில் என்ன இழக்கப்படுகிறது என்பதற்கும் சான்று உண்டு. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு 4047 பேரைப் பின்தொடர்ந்தது. சராசரி 11 ஆண்டளவில் கணக்கெடுத்தபோது சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைவாக இருந்தது, 2007இல் அது வெளியிடப்பட்டது. ஆக, ஆறுமாதப் பதிவு ஈரலையும் சுருக்கவில்லை, தையலையும் காக்கவில்லை. அது காப்பது ஒரு தீர்ப்பை: இவர் முயன்றார், தோற்றார், ஆகவே இரக்கத்துக்கு உரியவர். எளிய வழிகள் தோற்றிருக்க வேண்டும் என்ற விதியை, பொருத்தமான எளிய வழி இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவக் கேள்வியாகவும் வாசிக்கலாம். குற்றவாளி திருந்த முயன்றாரா என்று பார்க்கும் விசாரணையாகவும் வாசிக்கலாம். நடைமுறையில் இரண்டாவது வாசிப்பே வென்றுவிடுகிறது.

உடனே எழும் மறுப்பு இது: பருமன் தானே தேடிக்கொண்டது, வாயைக் கட்டாதவர் வினையை அனுபவிக்கட்டும். உடலியல் இந்த மறுப்பின் காலை வாரிவிடுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹோர்மோன் இரைப்பையிலேயே சுரக்கிறது. மெல்பேர்ணில் 50 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்தவர்களின் பசி ஹோர்மோன்கள் ஓராண்டு கழிந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பு தன் இழப்பைப் பஞ்சம் என்று எண்ணி மீட்கப் போராடுகிறது. அதை மனவுறுதியின்மை என்பது காய்ச்சலைக் கோபம் என்பது போல. பஞ்சத்தின் நினைவு கருவிலிருந்தே தொடங்கக்கூடும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது, கருப்பத்தின் முற்பாதியில் அதற்கு ஆளான ஆண்பிள்ளைகளிடையே 19 வயதில் பருமன் கூடுதலாகக் காணப்பட்டதை 1976இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். தாய் அரைவயிற்றோடு கொழுந்து பறித்த, பால் வெட்டிய காலத்தில் கருவில் கிடந்த பிள்ளை, நாளை கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மலிவாய்க் கிடைக்கும் உலகில் வளர்ந்து சீனி வியாதியோடு நின்றால், வினை யாருடையது? யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா இவர் பெற்றோரா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டுக் குணப்படுத்தும் வேலையைத் தொடங்குகிறார்.

நம் மலையடிவாரத்தில் சிங்கள அயலார் அறிந்த பௌத்தக் கதை இன்னும் நெருக்கமானது. சங்யுத்த நிகாயத்தில், வயிறு முட்ட உண்டு மூச்சிரைக்க வருகிறான் கோசல மன்னன் பசேனதி. புத்தர் அவனைப் பழிக்கவில்லை, அளவறிந்து உண்பதைப் பற்றி ஒரு சிறு செய்யுள் சொல்கிறார். மன்னன் அதைத் தன் மனவுறுதியை நம்பி வைத்துக்கொள்ளவில்லை. ஓர் இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, உணவு வேளைதோறும் ஓத நாட்கூலிக்கு அமர்த்துகிறான். உடம்பு மெல்ல மெலிகிறது. ஒரு நாட்டின் அரசனுக்கே தன் தட்டின் முன்னால் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பதைக் கதை வெட்கமின்றிச் சொல்கிறது. கட்டுப்பாடு ஒருவரின் தனிச் சாதனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது ஓர் ஏற்பாடு.

இரண்டாவது மறுப்பு சமயத்தின் உள்ளிருந்தே வருகிறது. நோயற்ற இரைப்பையை வெட்டி எறிவது ஆண்டவன் கொடுத்த உடம்பைச் சிதைப்பதாகாதா? விரதத்தால் ஆகவேண்டியதைக் கத்தியால் குறுக்குவழியில் முடிப்பதாகாதா? இது இலேசான கேள்வி இல்லை. ஆனால் சைவம் உடம்பைத் தொடக்கூடாத சிலையாக வைக்கவில்லை. உடம்பை இழிவென்று எண்ணியிருந்த திருமூலர், அதற்குள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரம் சொல்கிறது. பேணுதல் என்றால் உள்ளபடியே விடுவதில்லை. கோயிலைப் பேணுகிறவர் காலத்துக்குக் காலம் பாலஸ்தாபனம் செய்து திருப்பணியும் செய்கிறார். இரைப்பை நோயற்றது என்பதும் முழு உண்மையாகாது. பசியின் கட்டளைகள் பிறக்கும் இடம் அது. குறுக்குவழி என்ற குற்றச்சாட்டுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாழ்வே பதில். சிறு சிறு கவளம், ஆயுள் முழுவதும் விற்றமின், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. காப்பு அவிழ்க்காத விரதம் அது.

மூன்றாவது மறுப்பே வலியது. காப்புறுதி நிதியும் அரசாங்க வைத்தியசாலையும் பொதுச்சொத்து. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் இன்னொருவருடைய இதயச் சிகிச்சை தள்ளிப்போகும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதைக் கண்ட நாடு இது. பங்கீடு தேவையில்லை என்று இங்கு யாரும் சொல்ல முடியாது. ஆனால் பங்கிடுவதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. தேவையும் பலனும் ஒன்று: யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்கு நன்மை அதிகம். தகுதி மற்றொன்று: யார் நல்லவர், யார் முயன்றவர். சுட்டெண்ணையும் நீரிழிவையும் கேட்பது முதலாவது. ஆறுமாத ஒழுக்கப் பதிவு கேட்பது இரண்டாவது. விபத்தில் கால் முறிந்தவரிடம் எவ்வளவு வேகமாக ஓட்டினாய் என்று கேட்டுவிட்டு மாவுக்கட்டுப் போடுவதில்லையே. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவர். செலவைத் தாங்குபவர் என்று ஐந்தாவது ஒருவர் அங்கே இல்லை. அவருக்கு அந்த நால்வருக்குள் இடம் தேடினால் பொருந்துவது நான்காம் இடம்தான். மருந்தை வேளைக்கு எடுத்துக் கொடுப்பவராக அவர் இருக்கலாம். வாசலில் நின்று வடிகட்டுபவராக ஆகும்போது நான்கில் எதுவாகவும் அவர் இல்லை.

செலவைத் தாங்குபவரே நோயையும் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதைப் பெருந்தோட்டம் நன்கு அறியும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட உடைமையாளர் மீது சுமத்தியது. அது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் உழைப்பு தேவைப்பட்டவரும் செலவு கட்டியவரும் ஒருவரே ஆனதால், வருத்தம் என்று சொன்ன வாய் முதலில் சந்தித்தது சந்தேகத்தை. அந்தச் சந்தேகம் இன்று வேறு உருவில் இருக்கிறது. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு பெண்ணுக்குச் சீனி கட்டுக்கடங்காமல் போய், இந்தச் சத்திரசிகிச்சை பொருந்தும் என்று முடிவானால், கேகாலையோ இரத்தினபுரியோ போய் அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பை நோக்கித்தான் அனுப்பப்படுவார். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். 2021இல் 1000 ரூபாயும் 2024இல் 1350 ரூபாயும் ஆன நாட்சம்பளத்தில் அந்த இழப்போடு பஸ் காசும் கூடவருபவரின் பேரும் சேரும். உணவு அட்டவணையும் அறிவுறுத்தலும் சிங்களத்தில் கிடைத்தால், பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை அந்தத் தாள் மடியிலேயே இருக்கும். இரண்டு தவணை தவறினால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று கோப்பில் எழுதப்படும். அமெரிக்கப் படிவம் ஒழுக்கத்தைக் கேட்பதாக வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கே பஸ் காசில்லாமை ஒழுக்கமின்மையாகப் பதிவாகிறது.

ஆகவே நீதியான ஆயத்தம் எப்படியிருக்கும் என்பது இலட்சியக் கேள்வி மட்டுமில்லை. உணவு ஆலோசனை, இரத்தம், மனநலம் ஆகியவற்றை மூன்று நாளாக இழுக்காமல் ஒரே நாளில் பார்க்கலாம். அறிவுறுத்தலைத் தமிழில் கொடுக்கலாம். எடையும் சீனியும் பார்க்கும் இடைக்கால வருகைகளைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே முடிக்கலாம். காப்புறுதி நிறுவனம் கேட்பதென்றால், கேட்கும் ஒவ்வொரு தாளுக்கும் உடம்புக்குள்ளே என்ன காரணம் என்று அதுவும் சொல்லட்டும். சொல்ல முடியாததைக் கைவிடட்டும். நோயாளியின் பக்கத்திலும் ஒரு நேர்மை வேண்டும். இரத்தசோகை மலிந்த தோட்டப் பெண்களிடையே, ஆயுள் முழுவதற்கும் இரும்பும் விற்றமினும் தொடர்ந்து கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது ஆயத்தத்தின் முதல் பாடம். கிடைக்காது என்றால் சத்திரசிகிச்சையை மறுப்பதே அறிவாகவும் இருக்கலாம். அந்த மறுப்பு நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்கும்வரை அதில் இழிவு இல்லை.

தமிழ்ச் சமய வரலாற்றில் வயிற்று நோயோடு வாசலில் வந்து நின்ற பெரியவர் ஒருவர் உண்டு. சைவத்தை விட்டுச் சமணத்தில் சேர்ந்திருந்த மருணீக்கியார், சூலைநோய் தாங்காமல் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் திரும்பினார் என்கிறது பெரியபுராணம். விட்டுப்போனவன்தானே என்று கேட்கத் தமக்கைக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பின்னாளில் அப்பர் எனப்பட்ட அவர் பாடியதும் உழவாரம் ஏந்தி எண்பது வயதுவரை தொண்டு செய்ததும் அதற்குப் பின்னால். ஒழுக்கம் சிகிச்சைக்குக் கட்டணமாக முன்னே வாங்கப்படவில்லை. வலி நீங்கிய உடம்பிலிருந்து அது தானாக வளர்ந்தது.