ஒரு வினைச்சொல்லின் பாக்கி

ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினைச்சொல் உச்சரிப்பில் வெறும் ஓகாரம்: 'ஓ'. வங்கிக்கு நூறு ரூபாய் தர வேண்டியிருப்பதும், பிழைக்க வைத்த டாக்டருக்கு உயிரையே பட்டிருப்பதும், நண்பனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கியிருப்பதும் இந்த ஒரே சொல்தான். குமாஸ்தாவான நான் தினமும் புழங்குவது முதல் அர்த்தத்தில்.

இதன் பூர்வீகம் விசித்திரமானது. பழைய ஆங்கிலத்தில் மூலவடிவம் 'ஆகன்'. அர்த்தம், உடைமையாகக் கொண்டிருத்தல். ஷேக்ஸ்பியரிலும் 'ஓ' பல இடங்களில் உடைமையையே சொல்கிறது. இன்று உடைமையைக் குறிக்கும் 'ஓன்' அதே வேரிலிருந்து வந்தது. 'தர வேண்டியதாகத் தன்னிடம் வைத்திருத்தல்' என்ற இடைநிலை வழியாக உடையவன் கடனாளியாகியிருக்கிறான். இன்னொரு படி: அறக்கட்டாயத்தைச் சொல்லும் 'ஆட்' இதே வினையின் இறந்தகால வடிவம். காலம் தேய்ந்து, கடமை மட்டும் மிஞ்சிவிட்டது.

நம்முடைய 'வேண்டும்' விருப்பத்திலிருந்து பிறந்தது; அவர்களுடைய 'ஆட்' உடைமையிலிருந்து. ஆனால் 'கடன்' நம்மிடமும் பணத்தையும் கடமையையும் சேர்த்தே சொல்கிறது. ஜெர்மனில் 'ஷுல்ட்' கடனும் குற்றமும். 1887இல் நீட்ஷே குற்றவுணர்வின் பிறப்பையே கடன் உறவில் தேடினார்.

எழுத்தாளன் சமூகத்துக்குக் கடமைப்பட்டவன் என்று நம் வட்டத்தில் அடிக்கடி சொல்கிறோம். யாரிடம் என்ன இருக்கிறது என்ற பழைய கேள்வியை மட்டும் கேட்பதில்லை. எனக்கு அது உறைத்தது ஒரு கைநாட்டால்.

கறவை மாட்டுக்குக் கடன் வாங்கிய ஒரு பாட்டி. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பிராமிசரி நோட்டின் மேல் வழக்கிட மூன்று வருஷம்தான் கெடு. அது முடியுமுன் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டால் புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். பத்து நாள் மீதமிருக்கையில் மேனேஜர் என்னைப் படிவத்தோடு அனுப்பினார்.

"என்ன தம்பி இது?"

"ஒண்ணுமில்லே பாட்டி. ஆபீஸ் வழக்கம்."

"வாங்கினதை இல்லேன்னா சொல்லப்போறேன்" என்று கைநாட்டு வைத்தார். குடிக்க மோர் கொடுத்தார்.

'ஓன்' என்பதற்கு ஒப்புக்கொள்ளுதல் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பாட்டி செய்தது அது. கெடு தப்பினாலும் கடன் அழிவதில்லை, வழக்கிடும் வழிதான் அடைபடுகிறது என்று சட்டமே சொல்கிறது. பாட்டிக்கு அதைச் சட்டம் சொல்லித் தர வேண்டியதில்லை. விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் கைநாட்டு வைத்திருப்பார் என்றே படுகிறது. இதனால் என் பொய் லேசாகிவிடவில்லை. தெரிந்து ஒப்புக்கொள்ளும் அவருடைய உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் திண்ணையில் எனக்கென்று இருந்த ஒரே உடைமை, கெடுவைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தர வேண்டியிருந்ததும் அதுவே. அந்தப் பழைய வினையின் இரண்டு அர்த்தங்களும் அங்கே பிரியாமலே இருந்தன.

'ஆட்' தன் இறந்தகாலத்தை இழந்துவிட்டதால், 'சொல்லியிருக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் சொல்லப் பக்கத்தில் ஒரு 'ஹாவ்' தேவைப்படுகிறது. அதுவும் உடைமைச் சொல்தான். அப்படிச் சொன்னாலே, சொல்லவில்லை என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் பாட்டி வந்து கணக்கை முடித்துவிட்டுப் போனார். கவுண்ட்டரில் நான்தான் இருந்தேன். ரசீதைக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.