நோயாளியின் முனகல் பொறுமைக்கு மாறானதா?

நோயுற்றவரைக் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது, "சபுர் செய்யுங்கள்" என்ற சொல்தான். நல்ல சொல்தான். ஆனால் அதை யாருக்கு, எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நமது உறவில் ஓர் இளம்பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மாதக்கணக்கில் அவளுக்குத் தலைவலி. குனிந்தால் கண் இருண்டுவிடும். காதில் நாடித் துடிப்போடு இரைச்சல் கேட்கும். ஸ்கேன் எடுத்ததில் கட்டி ஒன்றுமில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றோம், அத்துடன் அவளுடைய வலியையும் மறந்துவிட்டோம். "ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் ஏன் இந்த முனகல்? சபுர் வேண்டாமா?" என்று கேட்டவர்களில் நாமும் இருந்தோம்.

பிறகு கண் டாக்டர் பார்த்தபோதுதான் பார்வை நரம்பு வீங்கியிருப்பது தெரிந்தது. மூளையைச் சுற்றி ஒரு நீர் உண்டு. நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் ஊறி, ஊறிய அளவே வடிந்தும் விடுகிறது. வடிவது குறைந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கவனியாமல் விட்டால் பார்வையே போய்விடக்கூடும். முற்கால மருத்துவர்கள் இதைப் 'பொய்க்கட்டி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். பொய்யானது கட்டி மட்டுமே, வலி பொய்யன்று.

சிகிச்சையும் எளிதாக இருக்கவில்லை. முதுகில் ஊசியிட்டு நீரை எடுத்து அழுத்தத்தை அளந்தார்கள். கொடுத்த மாத்திரையால் விரல்கள் மரமரத்தன. வாய்க்கு ருசி மாறிற்று. உடல் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேலி பேசிய உறவினரும் உண்டு. அப்படியும் பார்வை மங்கவே, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைத்தார்கள். அது அடைத்துக்கொண்டதால் மறுபடியும் அறுவைச் சிகிச்சை.

இத்தனையும் தாங்குகிறவள் "என் தலையே!" என்று அரற்றினால் அது பொறுமையின்மையா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஒருமுறை தலைவலியால் அவ்வாறே முறையிட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. தமது தலையும் வலிப்பதாகக் கூறினார்கள். நோயாளி தம் வலியை எடுத்துச் சொல்லலாம் என்ற தலைப்பின் கீழ் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைப் பதிந்துள்ளார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவர்கள். அவர்களுடைய கண்களே துயரத்தால் வெளுத்துப்போயின. தம் துக்கத்தை அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள் என்று திருக்குர்ஆன் (12:83-86) கூறுகிறது. ஆகவே, வாய்மூடிக் கிடப்பது மட்டும் சபுர் ஆகாது. இறைவன் மீது நம்பிக்கை இழக்காமல் அவனிடமே அழுவதும் சபுர்தான்.

அப்படியானால் அந்த வீட்டில் பொறுமை யாருக்கு வேண்டும்? முதலில் நலமாயிருக்கும் நமக்கன்றோ! இரவில் பத்தாவது முறை அழைத்தாலும் முகம் சுளிக்காமல் எழுந்து செல்வது நம் சபுர். அவளுக்கென்று தனி உலை வைத்துக் குத்திக்காட்டாமல், அவள் உண்ணும் உணவையே அனைவரும் உண்பது நம் சபுர். சஜ்தாவில் தலை தாழ்த்தினால் வலி மிகும் என்பவரிடம், உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கம் இடமளிப்பதை அன்போடு நினைவூட்ட வேண்டும். ரமலானில் வேளை தவறாமல் மருந்து உண்ண வேண்டியவர் நோன்பைப் பிற்படுத்தினால், "ஈமான் குறைவு" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சலுகை அளித்தவன் அல்லாஹ் (2:185).

அன்று நாம் சொன்ன சொல்லுக்காகப் பின்னர் அவளிடமே மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் நம்பினாலே பாதி வலி குறைந்துவிடும்" என்றாள். நோய் விசாரிக்கச் செல்லும் நாம் கையில் பழத்தோடு இதையும் கொண்டுசெல்வோமாக.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு இளகிய உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.