ஆகார சுத்தி

கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. மும்பையில் மாதுங்கா, செம்பூர் அன்பர்கள் சிலர் அந்நாட்களில் தங்கள் ஆகாரம் சுத்தமடைந்ததாகக் கூறுவதுண்டு. ஓட்டல் பண்டங்கள் நின்றன. வீட்டு ரசமும் சுக்குக் கஷாயமும் திரும்பின.

அருகிலேயே தாராவி. 2.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் 8 லட்சம் பேருக்கு மேல் வாழ்வதாகக் கணிக்கிறார்கள். விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் ஹாரன் ஒலித்தபடி நகரெங்கும் விற்பது அங்குள்ள தமிழர் பலரின் பிழைப்பு. ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று கண்டறியப்பட்டதும் அவ்விடத்தின் பெயரே அச்சமூட்டியது. அடுப்புகள் அணைந்தன. மெஸ்களை நம்பியிருந்த தொழிலாளர்கள் உணவுப் பொட்டலத்துக்காக வரிசையில் நின்றார்கள்.

உணவின் குற்றங்களில் ஒன்றாக ஆசிரய தோஷத்தைக் கூறுகிறார் இராமானுஜர். அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் நேரும் குற்றம். அவர் பேசியது உணவைத் தருபவரைப் பற்றி. நாமோ முகவரியைப் பார்த்து ஒதுங்கினோம். (பால் பையை மும்முறை கழுவிய அடியேனும் இதில் அடக்கம்.)

சாந்தோக்கிய உபநிடதம் பேசும் ஆகார சுத்திக்குச் சங்கரர் காணும் பொருள் வேறு. புலன்களின் வழியே உள்ளே கொள்வன யாவும் ஆகாரமே என்கிறார். அப்படியானால், கையில் கஷாயத்தை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் மரணக் கணக்கையும், பக்கத்துத் தெருவின் மீதான சந்தேகத்தையும் நாள் முழுதும் உட்கொண்டோமே, அது எவ்வகை உணவு? இட்லிக்காரரின் ஹாரன் மீண்டும் ஒலித்தபோது, கதவைத் திறக்க நமக்கு எத்தனை நாட்கள் ஆயின?